தலைகீழாய்த் தொங்கிய மண்டையோடு

“பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கலாம் என்ற ஐயம் எழும் பொருளைப் பற்றி, அதே வகைப் பொருள்களை வைத்திருக்கும் இடத்துக்கு எழுதிக் கேட்காமல் முடிவு சொல்லக் கூடாது. பதில் வரும்வரை பொருள் தன் தட்டை விட்டு நகரக் கூடாது.”

லண்டன் நூதனசாலை ஒன்றின் நாணய, பதக்கப் பிரிவில் நான் வேலை செய்த காலத்தில், எங்கள் நடைமுறைக் கையேட்டின் ஒன்பதாவது விதி இது. நல்ல விதி. நல்ல விதிகளுக்கு வழக்கமாக நேர்வதே இதற்கும் நேர்ந்தது: எல்லோரும் மதித்தார்கள், ஒருவரும் பயன்படுத்தவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. என் பழைய பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் பேசினார். பழைய அட்டைகளைக் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஒவ்வோர் அட்டையின் மூலையிலும் பென்சிலால் இரண்டு சின்ன அம்புகள் போட்டிருக்கின்றனவே, அவை என்ன என்று கேட்டார். திரையில் பதக்கத்தின் இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன, அம்புகளுக்கு இடம் ஒதுக்கவில்லை, விட்டுவிடலாமா என்றும் கேட்டார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். நான்தான் மரியாதை இல்லாமல் முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவர், “சார், இதையெல்லாம் எழுதித் தந்தால் நன்றாக இருக்கும்” என்றார். பேச்சை நிறுத்த இதைவிட நாகரிகமான வழி இல்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் திரையில் இடமில்லை என்று அந்த அம்புகளை விட்டுவிட எனக்கு மனமில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இலங்கையில் வரலாறு படித்தேன். லண்டன் வந்து வரலாற்றுப் பட்டத்தோடு பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தேன். பிறகு நூதனசாலையில் இளநிலை உதவியாளன். முதல் இரண்டு வருடங்கள் பதக்கங்களைத் தொட விடவில்லை. தட்டுகளைத் துடைத்தேன், வட்டச் சீட்டுகள் வெட்டினேன். மூன்றாம் வருடம் ஒருநாள், விளிம்பை மட்டும் பிடித்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். அதன் பிறகு அதைக் கீழே வைக்கச் சொல்ல அவர்களுக்கு இருபத்தைந்து வருடம் பிடித்தது.

எங்கள் பிரிவுத் தலைவர் மிஸ்டர் ஆல்டன். ஒல்லியான, உயரமான மனிதர். பதக்கம் மேசையில் இருக்கும்போது உட்கார மாட்டார். தேநீர்க் கோப்பை இருக்கும் மேசையில் பதக்கத்தை வைக்க மாட்டார். மை உள்ள பேனா அறைக்குள் வரக் கூடாது, பென்சில் மட்டும். ஒருவர் சொல்வது பிழை என்று அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. “அப்படியும் இருக்கலாம்” என்பார். அவர் அப்படிச் சொன்னால் உங்கள் கருத்து செத்துவிட்டது, இனி அடக்கம் செய்வதுதான் பாக்கி என்று பொருள். நடைமுறைக் கையேட்டை எழுதியவரும் அவரே. அதைப் பற்றி அவருக்கு ஒரு தாய்க்குரிய பெருமை இருந்தது.

அம்புகளுக்கு வருகிறேன். பதக்கத்தின் முன்முகத்தை நிமிர்த்திப் பிடியுங்கள். உச்சியில் ஆட்காட்டி விரல், அடியில் பெருவிரல். இப்போது பம்பரம் போலப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்முகம் நிமிர்ந்து வந்தால் இரண்டு அம்பும் மேல்நோக்கி. பின்முகம் தலைகீழாக வந்தால் ஓர் அம்பு மேலே, ஓர் அம்பு கீழே. இவ்வளவுதான். மிஸ்டர் ஆல்டனின் கொள்கை இதிலிருந்து பிறந்தது: நாடாவில் தொங்கவிடச் செய்த பதக்கத்துக்கு இரண்டு முகமும் நிமிர்ந்திருக்கும், ஏனென்றால் அது தொங்கும்போது திரும்பக்கூடும். தலைகீழாக வந்தால் அது சட்டைப்பைக்குச் செய்தது. அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த பதக்கங்கள் இதற்குச் சாட்சி சொல்லின. நானும் அதை வேதம் என்றே நம்பினேன்.

எண்பத்தேழில் ஒரு கண்காட்சிக்கு ஆயத்தம் செய்தோம். ஐரோப்பாவில் ஒரே தொழில் செய்வோர் சேர்ந்து வைத்திருந்த பழைய சங்கங்களை கில்ட் என்பார்கள். தச்சர், வைத்தியர், மீன் விற்பவர், பீப்பாய் செய்பவர் என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று. அவற்றின் பதக்கங்களைத்தான் காட்சிக்கு வைக்க இருந்தோம். ஒரு முகத்தில் தொழிற் கருவி, கிரீடம், உறுப்பினரின் பெயர்: நான் இன்னார், எனக்கு இந்த ஊரில் ஓர் இடம் உண்டு. சிலவற்றின் மறுமுகத்தில் மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு, மணல் வடிகலம்: உனக்கும் ஒருநாள் உண்டு. டச்சுக்காரர்களின் நாடான ஒல்லாந்தில் சில ஊர்களில் சங்கத்தவர் ஒருவர் இறந்தால் மற்ற எல்லோரும் பதக்கத்தோடு அடக்கத்துக்குப் போக வேண்டும். வராதவருக்குத் தண்டம்.

இதைப் படித்தபோது என் சக பணியாளர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பே இல்லை. எங்கள் ஆட்களின் செத்தவீட்டுக்கு அழைப்பு வராது. கேள்விப்பட்டால் போக வேண்டும். இல்ஃபோர்ட் பக்கத்துத் தகனசாலையில் கிடைக்கும் அரை மணி நேரத்துக்குள்ளும், வந்த முகங்களை எண்ணிவிடக்கூடிய ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். பதக்கம் ஒன்றுதான் குறை. இலங்கையை ஆண்ட காலத்தில் எங்கள் வழமைகளைச் சட்டமாக எழுதிவைத்தவர்கள் ஒல்லாந்தர். அவர்களுடையதை எழுதிவைக்க நான் லண்டன் வந்திருந்தேன். கணக்குச் சரி.

புதன்கிழமை பிற்பகல்களில் பொதுமக்கள் தங்கள் பொருள்களைக் கொண்டுவந்து காட்டலாம். அப்படி ஒரு புதனன்று லண்டன் புறநகரான சட்டனிலிருந்து மிஸிஸ் பக்கர் வந்தார். ஒல்லாந்தில் பிறந்தவர், எழுபது வயது இருக்கும். கணவர் ஹெங்க் வெள்ளி நகைகள் திருத்துபவராக இருந்து ஆறேழு மாதங்களுக்கு முன் இறந்துவிட்டார். கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரித்தார். உள்ளே ஒரு வெள்ளிப் பதக்கம், தலையில் சின்ன வளையம்.

பீப்பாய் செய்வோரின் பதக்கம். முன்முகத்தில் பீப்பாய், மேலே கிரீடம், சுற்றி ஒரு பெயர். விரல்களை உச்சியிலும் அடியிலும் வைத்துத் திருப்பினேன். பின்முகத்தில் நான் அதுவரை பார்த்தவற்றில் மிக அழகான மண்டையோடு, பல்வரிசை உட்பட. தலைகீழாக.

என் முகம் மாறியதை அவர் கண்டுவிட்டார். “உங்கள் முகம் சொல்வதைத்தான் என் மகன்களும் சொல்கிறார்கள்” என்றார். அப்பா எதையும் சும்மா விடமாட்டார், எங்கேயோ கிடந்த காசுபோன்ற ஒன்றுக்கு வளையம் போட்டுப் பரம்பரைப் பதக்கம் என்று கதை கட்டிவிட்டார் என்று மூத்தவன் சொல்லிச் சிரிப்பானாம். செத்தவீட்டன்றும் சொன்னானாம். பிறகு, நான் கேட்காமலே, அவர் ஓர் உண்மையைச் சொன்னார். கல்யாணமான புதிதில் வளையம் உடைந்து விழுந்தது. ஹெங்க் அதைத் திரும்ப ஒட்டினார்.

“ஆனால் அது அங்கே இருந்தது. அவர் தந்தை காலத்திலும் இருந்தது. இருந்த இடத்தில்தான் வைத்தார். அவர் பொய் சொல்லும் ஆள் இல்லை. அதை எழுதித் தருவீர்களா?”

இப்படி ஒருவர் தனக்கு எதிரான சாட்சியைத் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தால், நடைமுறை தெரிந்தவன் என்ன செய்ய முடியும்? ரசீது எழுதினேன்.

மிஸ்டர் ஆல்டன் நின்றபடி பார்த்தார். கண்ணை மூடி உள்ளங்கையில் எடை பார்த்தார். உருப்பெருக்கியில் வளையத்தின் அடியைப் பார்த்தார். ஒட்டு இந்த நூற்றாண்டினுடையது. அதைத்தான் மிஸிஸ் பக்கரே சொல்லிவிட்டார். அதன் கீழே பழைய ஒட்டு இருந்ததா? இருந்தால் நகைத்தொழிலாளி அதைச் சுத்தமாக அராவிவிட்டார், நல்ல தொழிலாளிகள் அப்படித்தான் செய்வார்கள். மண்டையோடு தலைகீழ். ஆகவே சட்டைப்பைக்குச் செய்த பதக்கம், வளையம் பிற்காலத்து ஒட்டு, பெரும்பாலும் கணவரின் வேலை. அறிக்கையைப் பென்சிலால் எழுதித் தட்டச்சுக்கு வைத்தார். வெள்ளிக்கிழமை பதக்கமும் அறிக்கையும் அஞ்சலில் போக வேண்டும். கண்காட்சிக்கும் அது வேண்டாம்; கை வைத்த பொருள்.

அவர் சொன்னதில் நான் பிழை காணவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை, செவன் கிங்ஸில் எங்கள் சமையலறை. என் மனைவி இராஜி மருத்துவமனைத் தாதி. காலை ஷிப்டுக்கு வெளிக்கிட்டு, நின்றபடியே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான் காலை ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தேன். தாதிகள் கையில் மணிக்கூடு கட்டுவதில்லை; நெஞ்சுப் பக்கம் ஊசியில் குத்தித் தொங்கவிடுவார்கள். அவள் அதை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாள். திரும்ப விட்டாள். பன்னிரண்டு கீழே, ஆறு மேலே.

“இஞ்சாருங்கோ, பாண் கருகுது. அங்கை என்ன, என்ர நெஞ்சையே பாத்துக்கொண்டு நிக்கிறியள்?”

“உம்மட மணிக்கூடு தலைகீழாக் கிடக்குது.”

“பதினொரு வருசமா அப்பிடித்தான் கிடக்குது. இண்டைக்குத்தான் கண் திறந்ததோ?”

“ஏன் தலைகீழ்?”

“அது உங்களுக்குத் தலைகீழ். எனக்கு நேர். நேரம் பாக்கிறது நான், நீங்களில்லை.”

பாண் முழுதாகக் கருகிவிட்டது.

“இன்னொருக்காத் தூக்கிப் பாரும்.”

“பஸ் போகப்போகுது.”

“ஒருக்கா. மெதுவா.”

அவள் தூக்கினாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று, அவள் கண் வழியாகப் பார்த்தேன். மணிக்கூட்டின் அடிப்பக்கம் மேலே எழுந்து வந்தது, முகம் நேரானது. என்ன சத்தம் போட்டேனோ தெரியாது. நெஞ்சு நோவோ என்று கேட்டு அவள் என் கைநாடியைப் பிடித்தாள். நான் மண்டையோட்டைப் பற்றிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “உங்கட செத்த ஒல்லாந்தருக்கு நான் சுகம் கேட்டதாச் சொல்லுங்கோ, நான் போறன்” என்று கதவைச் சாத்தினாள்.

அன்று ரயில் ஏன் அவ்வளவு மெதுவாகப் போனது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பீப்பாயும் கிரீடமும் பெயரும் எதிரே வருபவருக்கு. அதனால் அவை அவருக்கு நிமிர்ந்திருக்க வேண்டும். மண்டையோடு எதிரே வருபவருக்கு அல்லவே அல்ல. அது உடலோடு ஒட்டி, துணிக்குள் திரும்பிக் கிடக்கும். அணிந்தவன் நாடாவை அரைச்சுற்று முறுக்கி, அடி விளிம்பைத் தூக்கிப் பார்த்தால், அவனுக்கு மட்டும் நேராகத் தெரியும். தன் நேரத்தைத் தான் மட்டும் பார்க்கிறான். செதுக்கியவனுக்கு எந்தப் பிழையும் நேரவில்லை. அவன் இரண்டு பார்வையாளர்களுக்காக வேலை செய்திருக்கிறான்.

மிஸ்டர் ஆல்டன் அறையில் நின்றுகொண்டிருந்தார். விளக்கிச் சொன்னால் “அப்படியும் இருக்கலாம்” என்று அடக்கம் செய்துவிடுவார் என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. தட்டிலிருந்து பதக்கத்தை எடுத்து, வளையத்தில் பருத்தி நாடாவைக் கோத்து, அனுமதி கேட்டு, அவர் கழுத்தில் போட்டேன். பிரிவின் வரலாற்றில் ஓர் உதவியாளன் தலைவருக்குப் பதக்கம் அணிவித்தது அந்த ஒரு முறைதான். கழுத்துப்பட்டியின் மேல் பீப்பாய் நிமிர்ந்து நின்றது.

“எனக்குத் தெரிவது உங்கள் தகுதி” என்றேன். “இப்போது நாடாவை முறுக்கி, அடியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள்.”

முறுக்கினார். தூக்கினார். குனிந்து பார்த்தார்.

அவர் அப்படிக் குனிந்தே நின்றார். வெளியே தாழ்வாரத்தில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அறுபதை நெருங்கிய, மனைவியை முந்தின வருடம் இழந்த மனிதர். மண்டையோடு அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை, அவருடைய நரைத்த உச்சி மட்டும்தான் தெரிந்தது. எனக்குத் தெரியாதபடிதான் அது செய்யப்பட்டிருந்தது.

பிறகு நாடாவைத் தானே கழற்றி, பதக்கத்தைத் தட்டில் வைத்தார்.

“மிக அழகான யோசனை,” என்றார். “ஆனால் யோசனை சான்று ஆகாது.”

இதற்காகத்தான் நான் ரயிலில் கையேட்டை மனதுக்குள் புரட்டிக்கொண்டு வந்திருந்தேன். “அப்படியானால் ஒன்பதாவது விதி” என்றேன். “ஐயம் எழுந்திருக்கிறது. எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை பதக்கம் நகரக் கூடாது.”

தான் பெற்ற பிள்ளை அயலவனோடு சேர்ந்துகொண்டு தன்னை வழிமறித்தால் ஒரு தாய் எப்படிப் பார்ப்பாளோ, அப்படி என்னைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது கோபம். அவர் தட்டச்சுக்கு வைத்திருந்த அறிக்கையை எடுத்து இரண்டாக மடித்தார்.

“எழுதுங்கள். நான் கையெழுத்திடுகிறேன்.”

அந்தப் பதக்கம் பிறந்த சிறு துறைமுக நகரத்தின் நூதனசாலைக்கு எழுதினோம். உங்களிடம் இதே சங்கத்தின் பதக்கங்கள் உள்ளனவா, வளையம் உண்டா, மண்டையோடு எந்தப் பக்கம் பார்க்கிறது? எளிய கேள்விகள். அந்த நூதனசாலை கூரை மாற்றுவதற்காக மூடப்பட்டிருந்தது. பொருள்கள் பெட்டிகளில், பெட்டிகள் ஒரு களஞ்சியத்தில், களஞ்சியத்தின் பொறுப்பாளர் விடுமுறையில். இதை அவர்கள் ஓர் அட்டையில் எழுதி அனுப்பினார்கள். அது பதில் இல்லை என்று மிஸ்டர் ஆல்டனே தீர்ப்பளித்தார்.

மிஸிஸ் பக்கருக்கு நான் எதுவும் உறுதி சொல்ல முடியவில்லை. அறிக்கைக்கு முன் அபிப்பிராயம் சொல்வது நான்காவது விதிக்கு விரோதம். அவர் அடிக்கடி தொலைபேசியில் கேட்பார், நான் இன்னும் இல்லை என்பேன். ஒருமுறை, மூத்தவன் நூதனசாலையும் தன் பக்கம்தான் என்று சொல்லித் திரிகிறான் என்றார். நூதனசாலை இன்னும் எவர் பக்கமும் இல்லை என்றேன். அதற்கு அவர், “ஹெங்க் இல்லாத வீட்டில் நான் மட்டும்தான் அவர் பக்கம்” என்றார்.

எண்பத்தெட்டு வசந்தத்தில் கண்காட்சி திறந்தது. மிஸ்டர் ஆல்டன் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் ஒழுங்கு செய்திருந்தார். ஒன்றில் பெருமை, ஒன்றில் மரணம். கருவிகள் மேலே பார்க்க ஒரு வரிசை, மண்டையோடுகள் மேலே பார்க்க ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவே சிறியதாக மூன்றாவது ஒன்று, உள்ளே வெறும் வட்டச் சீட்டு: “ஆய்வில் உள்ளது.” அந்த இடத்தை வேறு எதனாலும் நிரப்ப அவர் சம்மதிக்கவில்லை. பார்வையாளர்கள் வெள்ளியையும் பொன்னையும் கடந்துவந்து அந்த வெறுமைக்கு முன்னால்தான் நெடுநேரம் நின்றார்கள். மரணத்தைப் பற்றி நாங்கள் வைத்ததில் மிகச் சிறந்த காட்சி அதுதான் என்று ஒரு பத்திரிகைக்காரர் அவரிடம் பாராட்டிச் சொன்னார். “அப்படியும் இருக்கலாம்” என்றார் மிஸ்டர் ஆல்டன்.

இலையுதிர் காலத்தில் ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே கடிதம் நாலு வரிதான். தாமதத்துக்கு மன்னிப்பு, கூரைக்கு ஒரு வசவு. மீதி ஐந்து மெல்லிய தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பதக்கத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதி, முன்னும் பின்னும். நாங்கள் நிற்கும் மேசையில் அவற்றை வரிசையாகப் பரப்பினோம். ஐந்து பீப்பாய்கள். ஐந்திலும் உச்சியில் வளையம். ஐந்து மண்டையோடுகள், ஐந்தும் வளையத்துக்கு நேர் எதிரே தலை வைத்து.

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். மிஸ்டர் ஆல்டன் சிரிக்கவில்லை. தன் மேலங்கிப் பையிலிருந்து, அந்த அறைக்குள் வரக் கூடாத மைப் பேனாவை எடுத்தார். இத்தனை வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. புதிய அறிக்கையில் தன் பழைய கொள்கையை ஒரே வரியில் திருத்தினார், கையெழுத்திட்டார். மிஸிஸ் பக்கர் சம்மதித்தால், இன்னும் முடியாத கண்காட்சியின் மூன்றாவது பெட்டியில் பதக்கத்தை நாடாவில் தொங்கவிடச் சொன்னார், பீப்பாய் வெளியே பார்க்க. மண்டையோடு தெரிய அடியில் ஒரு கண்ணாடி வைக்கலாமா என்று கேட்டேன்.

“வேண்டாம்,” என்றார். “அது அவர்களுக்கு உரியதல்ல.”

பிறகு சட்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மிஸிஸ் பக்கர் வணக்கம்கூடச் சொல்லவில்லை, வாசியுங்கள் என்றார். வாசித்தேன்: வளையம் பதக்கம் செய்த காலத்திலிருந்தே அதற்கு உரியது, பின்னர் உடைந்து, இருந்த இடத்திலேயே, பிழையின்றி மீண்டும் பொருத்தப்பட்டுள்ளது. கொஞ்சம் பொறுங்கள் என்றார். ஏதோ நாற்காலி இழுபடும் ஓசை. இன்னொரு தடவை, மெதுவாக என்றார், குரல் தூரத்திலிருந்து வந்தது. இருந்த இடத்திலேயே, பிழையின்றி என்று நிறுத்தி நிறுத்தி வாசித்து முடித்தேன். அப்போது என் காதில் கேட்ட மூச்சு அவருடையது அல்ல. ஓர் ஆணின் மூச்சு. மூத்த மகன் அன்று அங்கே வந்திருந்தான். தாய் தொலைபேசியை அவன் காதில் பிடித்திருந்தார். அவர்கள் மொழியில் தாயிடம் ஏதோ சொன்னான், தணிந்த குரலில். அதில் அப்பாவைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும் எனக்கு விளங்கியது.

எங்கள் ஆட்கள் எந்த நல்ல காரியத்துக்கும் தேர்ந்தெடுக்காத நாள் அது. மிஸ்டர் ஆல்டன் பேனாவை என்னிடம் நீட்டினார். அட்டையின் மூலையில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக நின்ற இரண்டு அம்புகளுக்கும் பக்கத்தில், பதில் வந்த நாளை மையால் எழுதினேன்: 11 ஒக்டோபர் 1988, செவ்வாய்க்கிழமை.